வெறும் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றியவன்

2018 ஆகஸ்டில் நான் முப்பது துலிப் கிழங்குகளைக் கொன்றேன். கையில் ஒரு ரப்பர் குழாய், மனசில் கொஞ்சம் அக்கறை. வேறெதுவும் தேவைப்படவில்லை.

மகள் கனடாவில், கல்கரியில் இருக்கிறாள். ராக்கி மலைகளுக்குக் கிழக்கே, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன். தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அதற்கும் முன்னால், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர் மகன். செடி, மண், மரம் எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு எப்போதும் உண்டு. அந்த நினைப்போடுதான் ஜூலையில் போய் இறங்கினேன்.

போன மறுநாளே மகள் கொல்லையைச் சுற்றிக் காட்டினாள். தக்காளி, கீரை, ஏதோ ஊதாப் பூ. வேலியோரமாக நாலடிக்கு மூன்றடி ஒரு பாத்தி மட்டும் வெறுமையாகக் கிடந்தது. மண் சாம்பல் நிறத்தில் வெடித்திருந்தது. "அங்கே ஒண்ணும் செய்ய வேண்டாம்ப்பா. துலிப் தூங்குது" என்றாள். ஏதோ செல்லமாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் வெறும் மண் என்பது வெட்கக்கேடு. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் லாலான் புல் ஏறிவிடும், அதற்கப்புறம் அந்த இடம் உங்களுடையது இல்லை. அதனால் வெறும் மண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு, தினமும் காலையில் காப்பி குடித்துவிட்டு அந்தப் பாத்திக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தேன். அரை மூட்டை மாட்டெரு வாங்கிப் போட்டேன். ஒரு கைப்பிடி மல்லியை உள்ளங்கையால் தேய்த்து உடைத்து விதைத்தேன். மல்லி ஜம்மென்று வந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் ரசம். மேலே பச்சைப் பசேலென்று மல்லித்தழை. "மல்லி எங்கேப்பா வாங்கினீங்க? ரொம்ப வாசமா இருக்கே" என்று மகள் கேட்டாள். "வாங்கலம்மா, உன் வெறும் பாத்தியில போட்டது" என்றேன், பெருமையாகத்தான். கரண்டி பாதியில் நின்றது.

அந்த ஊரில் ஆகஸ்டில் இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அப்போதே போய்த் தோண்டினோம். முதலில் வாசனைதான் வந்தது, மூட்டைக்கடியில் அழுகிய வெங்காய வாசனை. அப்புறம் பழுப்பு நிறத்தில் கூழ். நாற்பது கிழங்கில் விரலால் அழுத்தினால் கெட்டியாக நின்றவை பத்து. என் மனைவி, "சும்மா இருக்கத் தெரியாதே உங்களுக்கு" என்றாள். மகள் "பரவாயில்லப்பா" என்றாள். மனைவி சொன்னது அவ்வளவாக வலிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து படித்தேன். வாத்தியார் புத்தி, தப்பு செய்தால் பாடத்துக்குத்தான் ஓடும்.

துலிப் என்றதும் எல்லோருக்கும் ஹாலந்து ஞாபகம் வரும். காலண்டர் படம் அப்படிப் பழக்கிவிட்டது. ஆனால் ஹாலந்து அதற்குப் புகுந்த வீடுதான். குளூசியஸ் என்ற தாவரவியலாளர் 1593இல் லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்துக்கு வந்து, தன்னிடமிருந்த கிழங்குகளை நட்டார். அடுத்த வசந்தத்தில் அவை பூத்தன. பிறந்த வீடு அங்கிருந்து வெகு தூரம் கிழக்கே. தியான் ஷான், பாமிர் மலைகள். கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் என்று வாய்க்குள் நுழையாத நாடுகள். காட்டுத் துலிப்பில் 70க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அதில் பெரும்பங்கு அந்தப் பக்கம்தான். சரிவில் கல்லும் சரளையும். குளிர்காலம் முழுக்கப் பனி மூடியிருக்கும். வசந்தத்தில் பனி உருகும், அந்த ஈரத்தில் அவசர அவசரமாக இலை விட்டு, பூத்து, விதை வைத்து முடித்துவிடும். அப்புறம் கோடை. சொட்டு மழை கிடையாது, மண் சட்டி மாதிரி சுடும். அந்தச் சூட்டில்தான் கிழங்கு தூங்குகிறது.

கடைகளில் பெரிதாக, கோப்பை மாதிரி நிமிர்ந்து நிற்பவை இந்தக் காட்டு இனங்களைக் கலந்து உருவாக்கியவை. முதல் வருஷம் கண்ணைப் பறிக்கும், இரண்டாம் வருஷம் சுமார், மூன்றாம் வருஷம் வெறும் இலை. பலர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக நடுகிறார்கள். எனக்கு அது பூச்செடி வளர்ப்பதாகவே தோன்றவில்லை, வாடகைக்கு எடுப்பது மாதிரி இருக்கிறது. காட்டு இனம் அப்படியில்லை. பலதும் ஒரு சாண் உயரம்கூட வராது. ஆனால் இடம் பிடித்துவிட்டால் வருஷா வருஷம் வரும், குட்டியும் போடும்.

மகள் வைத்திருந்தது பெரும்பாலும் டார்டா என்ற காட்டு இனம். கிழங்கு சின்ன வெங்காயம் அளவுதான், தோலும் அதே மாதிரி காகிதமாக உரியும். அது போக டர்கெஸ்டானிகா, ஹூமிலிஸ், அப்புறம் குளூசியஸ் பெயரையே சுமக்கிற குளூசியானா, கொஞ்சம் கொஞ்சம்.

தப்பிய பத்தில் ஒன்றைக் குறுக்காக இல்லாமல் நெடுக்காக அறுத்துப் பார்க்கலாமா என்று மகளிடம் கேட்டேன். முறைத்தாள். சரி என்று அழுகலுக்கும் நல்லதுக்கும் நடுவில் இருந்த ஒன்றைக் கொடுத்தாள். பழம் அறுக்கிற கத்தியால் பிளந்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வெங்காயத்தில் இருப்பது மாதிரியே வெள்ளை வெள்ளையாக மடல்கள். நட்டநடுவில் வெளிர் மஞ்சளாக ஒரு முளை. ஊசியால் மெல்லப் பிரித்தபோது உள்ளே ஒரு பூ இருந்தது. அரிசிமணியை விடச் சிறியது. இதழ்களாகப் போகிற ஆறு மடிப்பு, மகரந்தத் தண்டாகப் போகிற ஆறு புள்ளி, நடுவில் சூலகம். எல்லாம் எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவாக இருந்தது. இந்தப் பூ வசந்தத்தில் உருவாவதில்லை. இலையெல்லாம் காய்ந்து, மேலே வெறும் மண்ணாகக் கிடக்கும்போது, கோடைச் சூட்டில் உள்ளே உட்கார்ந்து உருவாகிறது. அதற்கப்புறம் வருகிற குளிர் செய்வது வேறு வேலை. 12லிருந்து 16 வாரம் 9 டிகிரிக்குக் கீழே கிடந்தால்தான் தண்டு நீளும், பூ மண்ணுக்கு மேலே வரும். குளிர் போதாவிட்டால் உள்ளே இருக்கிற பூ உள்ளேயே கருகிப்போகும்.

ஆக, தூங்குகிறது என்று மகள் சொன்னதும் முழுச் சரியில்லை. நான் குழாயைத் திருப்பிய நேரத்தில்தான் அது ஆண்டின் முக்கியமான வேலையைச் செய்துகொண்டிருந்தது.

செப்டம்பரில் பிராயச்சித்தம். புதிதாக ஐம்பது டார்டா, மற்றவற்றில் பத்துப் பத்து வாங்கிக் கொடுத்தேன். அந்த ஊர் மண் களிமண். தண்ணீர் வாங்கினால் விடாது. அதனால் வேலியோரமிருந்து எட்டத்தில், மரச் சட்டம் அடித்து ஒரு முழம் உயரத்துக்கு மேடை மாதிரி பாத்தி கட்டினோம். மண்ணில் பாதிக்குப் பாதி பொடிக் கூழாங்கல்லும் முரட்டு மணலும். எருவே போடவில்லை. ரப்பர் கன்றுக்குக் குழி வெட்டி, எரு அள்ளிக் கொட்டி வளர்ந்த கை, கல்லை அள்ளிப் போட ரொம்பத் தயங்கியது. கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம் என்பது கணக்கு. இவை சின்னதாக இருந்தாலும் நாங்கள் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தோம். ஆழத்தில் சூடும் குளிரும் சட்டென்று மாறாது. மேலே கோழிக்கூண்டுக் கம்பிவலையைப் பரப்பி மண் போட்டு மூடினோம். அணில் தோண்டித் தின்னும் என்பதால். இலை வந்தபின் மேய்வதற்கு முயல் வேறு இருக்கிறது. நம்மூர் முயல் இல்லை, ஆட்டுக்குட்டி மாதிரி காது வைத்த காட்டு முயல். கோடையில் பழுப்பு, குளிரில் வெள்ளையாக மாறி தெருவில் சர்வசாதாரணமாக ஓடுகிறது.

தெற்கே பார்த்த சுவரோரம் நடலாமே, வெயில் நன்றாக அடிக்குமே என்று கேட்டேன். மாப்பிள்ளை வேண்டாம் மாமா என்றார். அங்கே சினூக் என்று ஒரு காற்று உண்டு. நடுக் குளிரில் மலையைத் தாண்டி இறங்கி வரும். மைனஸ் 20இல் உறைந்து கிடக்கிற ஊர் சில மணி நேரத்தில் பூஜ்யத்துக்கு மேலே ஏறிப் பனியெல்லாம் உருகி ஓடும். ஆட்கள் சட்டையோடு வெளியே வருவார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் உறையும். சுவரோரத்துக் கிழங்கு அந்தச் சூட்டை வசந்தம் என்று நம்பி முளைவிட்டு, அப்புறம் சாகும். பனி கிழங்கைக் கொல்வதில்லை, போர்வை மாதிரி மூடிக் காக்கிறது. பனி போவதும் வருவதும்தான் ஆபத்து. அதனால் நவம்பரில் மண் நன்றாக உறைந்த பிறகுதான் மேலே சருகு போட்டு மூடுகிறாள் மகள். குளிர் உள்ளே வராமல் இருக்க அல்ல, உள்ளே போன குளிர் வெளியே போகாமல் இருக்க. இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அதுதான் சரி.

எனக்குத் தெரிந்த குளிர்காலம் வேறு. பிப்ரவரி வாக்கில் வெயில் காயும்போது ரப்பர் மரம் இலையைச் சிவப்பாக்கிக் கொட்டும். காடு முழுக்கச் சருகு. நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். தோட்டத்துத் துரையும் கணக்கு எழுதுகிற கிராணியும் அதை 'விண்டரிங்' என்பார்கள். தளிர் வந்து முற்றும்வரை மரத்தில் பால் குறையும். எடைக்குக் கூலி என்பதால் வீட்டில் மீனும் கறியும் குறையும். அப்பா அந்த மாசங்களில் மரத்தை ஏசவே மாட்டார். "அதுக்கும் ஓய்வு வேணும்ல" என்பார், பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே. அந்தத் தோட்டம் இப்போது பாமாயில் எடுக்கிற செம்பனை. செம்பனைக்கு விண்டரிங் கிடையாது. ரப்பரும் வெளியூர்தான். அமேசான் காட்டு விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, சிங்கப்பூர் வழியாக 1877இல் இங்கே வந்தது. எங்களுக்குப் பக்கத்து ஊரான கோலகங்சாரில் அப்போது நட்டதில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. வந்த இடத்தில் வேர் பிடிக்கிற செடி உண்டு, பிடிக்காததும் உண்டு.

நான் நட்ட பாத்தியை நேரில் பார்க்க ஐந்து வருஷம் ஆனது. நடுவில் கோவிட். ஒவ்வொரு மே மாதமும் மகள் வீடியோ அனுப்புவாள். பூவை விட அவள் விரல்தான் அதில் அதிகம் தெரியும். 2023 மே மாதம் மறுபடி போனோம்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு எழுந்து ஓடினேன். ஒரு பூ இல்லை. ஒடுங்கிய இலைகள் தரையோடு விரிந்து கிடக்க, நடுவில் பச்சையும் கொஞ்சம் மங்கிய ஊதாவும் கலந்த மொட்டுகள், கூம்பி, ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு. இதற்கா இத்தனை பாடு என்று இருந்தது. பத்து மணிக்கு வெயில் அந்தப் பக்கம் திரும்பியது. காப்பிக் குவளையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ஒன்று லேசாக நெகிழ்ந்தது. அசைவு கண்ணுக்குத் தெரிகிறதா தெரியவில்லையா என்கிற மாதிரி. பதினைந்து நிமிஷத்தில் பாத்தி முழுக்க நட்சத்திரம். இதழின் அடிப்பாகம் முட்டை மஞ்சள், நுனி சுத்த வெள்ளை. அது கோப்பையாக நிற்கவில்லை, மல்லாந்து முழுசாக விரிந்து வெயிலைப் பார்த்துக் கிடந்தது. ஒரு தண்டில் மூன்று, நாலு, ஐந்து. ஐம்பதுதான் நட்டோம், இருநூறு வரை எண்ணி விட்டுவிட்டேன். சாயங்காலம் குளிர ஆரம்பித்ததும் எல்லாம் திரும்பவும் கூம்பிக்கொண்டன. சூட்டுக்குத் திறப்பது, குளிருக்கு மூடுவது. இதழின் உள்பக்கத்து உயிரணுக்களும் வெளிப்பக்கத்து உயிரணுக்களும் வெவ்வேறு வெப்பத்தில் வேகமாக வளர்வதால் வருவது இது.

டர்கெஸ்டானிகா நாங்கள் போவதற்குள் முடிந்துவிட்டிருந்தது. அது முந்திக்கொள்கிற ரகம், வெள்ளையில் நடுவில் மஞ்சள், வாசனை மட்டும் முகர்ந்து பார்க்காமல் இருப்பது நல்லது என்று மாப்பிள்ளை சொன்னார். குளூசியானா வெளியே சிவப்பும் உள்ளே வெள்ளையுமாக, நல்ல குடும்பத்துப் பெண் மாதிரி நிமிர்ந்து நின்றது. எனக்கென்னவோ டார்டாதான். என் கையால் செத்ததும் அதுதான், பிழைத்ததும் அதுதான்.

அந்த மாதம் ஆல்பர்ட்டா முழுக்கக் காட்டுத்தீ. சில நாள் ஊரே ஆரஞ்சு நிறப் புகைக்குள் இருந்தது. எங்களூரில் புகைமூட்டம் வரும்போது பள்ளிக்கூடத்தை மூடுவோமே, அதே தொண்டை எரிச்சல். வெயில் உறைக்காததால் பூக்கள் பாதி மூடியபடியே நின்றன. பாத்தி ஓரத்தில் புல் மாதிரி மெல்லியதாக ஏதோ முளைத்திருந்தது, கை போனது. "தொடாதீங்க" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். விதையிலிருந்து வந்த துலிப் குஞ்சாம் அது. முதல் வருஷம் நூல் மாதிரி ஒரே இலை. பூக்க இன்னும் நாலைந்து வருஷம் ஆகும். அதுவரை அந்தக் குட்டிக் கிழங்கு தானாகவே வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்துக்கு இறங்கிக்கொள்ளும்.

ஊருக்குத் திரும்பியதும் எனக்குப் பைத்தியம் பிடித்தது.

இங்கே முடியாது என்று தெரியும். ஊரில் இரவுக்கு 24, பகலுக்கு 32, 33. கேமரன் மலையிலேயே பனி விழாது, துலிப்புக்கு அந்தக் குளிர் போதாது. சிங்கப்பூரில் கண்ணாடிக் கூடத்துக்குள் குளிரூட்டி வைத்துக் காட்டுகிறார்கள், அது வேறு கதை. மகளிடம் கிழங்கு கேட்டேன். பெர்மிட் இல்லாமல் பெட்டியில் போட்டு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சரி என்று இணையத்தில் ஒரு வியாபாரியிடம் பத்துக் கிழங்கு வாங்கினேன். டார்டா என்று எழுதியிருந்தது. "ஏற்கெனவே குளிரில் வைத்தது, உடனே நடலாம்" என்றும் எழுதியிருந்தது. பொட்டலத்தைத் திறந்தால் அதில் மூன்று அமுங்கியது. மீதி ஏழை, 2023 நவராத்திரி தொடங்கிய வாரம், காகிதப் பையில் போட்டு ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தேன்.

அங்கேதான் வீட்டில் சண்டை. பழுக்கிற பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். ஆப்பிள் ரொம்ப அதிகமாக விடும். அது பட்டால் கிழங்குக்குள் இருக்கிற பூ செத்துவிடும். அதனால் ஆப்பிளை வெளியே வை என்றேன். தீபாவளி நேரம், பெட்டி நிறையப் பலகாரமும் பழமும். "ஏழு வெங்காயத்துக்காக என் ஆப்பிளெல்லாம் மேசை மேல அழுகணுமா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. ஆனாலும் எடுத்து வைத்தாள். பையின் மேல் மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதியும் வைத்தாள்: "சாம்பாருக்கு இல்லை."

அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு ஞாபகம். 1944, 45 குளிர்காலத்தில், ஜெர்மன்காரன் பிடியில் இருந்த ஹாலந்தில் பஞ்சம் வந்து, ஜனங்கள் துலிப் கிழங்கைத்தான் வேகவைத்துத் தின்றார்கள். நடுவிலிருக்கும் மஞ்சள் முளையை எடுத்துவிட வேண்டும், அது வயிற்றுக்கு ஆகாது. அதே வருஷங்களில் இங்கே ஜப்பான்காரன் ஆட்சி. எங்கள் பாட்டி மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. கடைசிவரை அவர் வீட்டில் மரவள்ளி சமைக்க விட்டதே இல்லை. அந்தப் பக்கத்துப் பாட்டிகள் துலிப்பைப் பார்த்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

தைப்பூசம் முடிந்த மறுநாள் எடுத்தேன். பதினாலு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வெள்ளையாக மூக்கு எட்டிப் பார்த்தது. மணலும் பொடிக்கல்லும் போட்ட தொட்டியில் நட்டு, குளியலறை ஜன்னலுக்குக் கீழே வைத்தேன். வீட்டில் அதுதான் குளிர்ந்த இடம். ஏழில் ஒன்று வரவே இல்லை. ஐந்து, இலையோடு நின்றுவிட்டன. மொட்டு உள்ளேயே காய்ந்து காகிதமாகிவிட்டது. ஏழாவது, மூன்றாம் வாரத்தில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு மொட்டு வைத்தது.

அதை முன்வாசலுக்குக் கொண்டுவந்தேன். பிப்ரவரி. பின்தெருவில் ஒருத்தருடைய சின்ன ரப்பர் காடு மிச்சம் இருக்கிறது, அங்கிருந்து சருகு பறந்து வாசலெல்லாம் கிடந்தது. எட்டு மணிக்கே பூ திறந்துவிட்டது, இங்கே அதற்குக் காத்திருக்க எதுவுமில்லை. மஞ்சளும் வெள்ளையும், ஐம்பது சென் காசை விடக் கொஞ்சம் பெரிது. எதிர் வீட்டு அக்கா கூட்டுமாற்றோடு வந்து பார்த்தார். "இதுவா சார்? நாலு மாசமா ஐஸ்பெட்டியில வச்சிருந்தீங்கன்னு உங்க வீட்டு அக்கா சொன்னாங்களே, அதுவா?" ஆமாம் என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பூவையா என்னையா, தெரியவில்லை.

மதியத்துக்குள் இதழ் நுனி வெந்த மாதிரி சுருங்கியது. அதற்குள் படம் எடுத்து மகளுக்கு அனுப்பியிருந்தேன். அங்கே முந்தின நாள் சாயங்காலம், மைனஸ் 18. அவளுடைய இருநூறும் பனிக்கும் சருகுக்கும் அடியில். பதில் வந்தது: "சூப்பர்ப்பா!! தண்ணி ஊத்திடாதீங்க."

இலை மஞ்சளாகும்வரை விட்டுவிட்டு ஏப்ரலில் தொட்டியைக் கவிழ்த்தேன். துலிப்பில் நட்ட கிழங்கு அப்படியே இருப்பதில்லை. பூத்ததும் கரைந்துபோய், அதன் இடத்தில் பிள்ளைக் கிழங்குதான் இருக்கும். இரண்டு கிடைத்தன, பூண்டுப் பல் அளவில். மண்ணைத் தட்டி, ஒரு மொய்க் கவரில் போட்டு, அலமாரி மேல் வைத்தேன். அங்கே நல்ல சூடு.

மனைவி கவரை எடுத்து, யார் வீட்டுக் கல்யாணம் என்று பார்த்து, திறந்து, திரும்ப அங்கேயே வைத்துவிட்டாள். அக்டோபரில் ஆப்பிள் வாங்கப் போவதில்லையாம்.